எஸ்தர் டீச்சரின் கிணறு

இராஜபாளையத்தில் இறங்க வேண்டிய நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கிவிட்டேன். ரயிலில் எதிரே அமர்ந்திருந்த பெரியவர் சன்னல் பக்கம் கையை நீட்டி, "அந்தா கோபுரம் தெரியுது பாருங்க" என்றார். கோபுரம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று நானாக முடிவு செய்து பெட்டியோடு இறங்கி, ரயில் நகர்ந்த பிறகுதான் பெயர்ப் பலகையைப் படித்தேன். சிங்கப்பூரில் அடுத்த நிலையத்தின் பெயரை ரயிலே நம் மொழியில் சொல்லிவிடும். இங்கே முன்பின் தெரியாதவரின் விரல் நீண்ட திசையை நம்பி இறங்கியிருந்தேன்.

மார்கழியின் கடைசி நாட்கள். மேற்கே மலை இருப்பதாகப் படித்திருந்தேன். ஆனால் அன்று காலை அங்கே மலை இல்லை, வெண்மையான புகை போல ஏதோ ஒன்று தரையிலிருந்து வானம் வரை நின்றது. செத்த நேரம் நின்று பார்த்தேன். அந்த வெண்மைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு முகடு வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. தவறான ஊரில் இறங்கியதற்கு வருத்தப்படத் தோன்றவில்லை.

ஆட்டோக்காரர் சிரித்தார். "அடுத்த ஊருதாம்மா. டவுன் பஸ் ஏறுங்க, பேசிக்கிட்டே போயிறலாம்."

பேசிக்கொண்டேதான் போனேன். பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்த பெண் என் பெட்டியையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "வெளியூரா அக்கா?" என்று தொடங்கினாள். பெயர் செல்வி. நாற்பது வயதைத் தொட்டிருப்பாள். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட் ஒன்றில் வேலை, வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில்.

"எஸ்தர் டீச்சர்னு ஒருத்தரைப் பார்க்க வந்திருக்கேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையா இருந்தவங்க."

செல்வி கூடையைக் கீழே வைத்தாள். "எங்க எஸ்தர் டீச்சரையா?"

அந்த 'எங்க' என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில், என்னை நம்பலாமா என்ற விசாரணையும் இருந்தது. ஆகவே நான் வந்த கதையை அந்தப் பேருந்திலேயே அவளுக்குச் சொன்னேன்.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் ஜெபா என்ற நர்ஸ் குடியிருக்கிறாள். இந்தப் பக்கத்துப் பெண். போன ஆண்டு எங்கள் கட்டடத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து மலேசியாவின் கிழக்குக் கரைக்கு உல்லாசப் பயணம் போனோம். அவளும் வந்திருந்தாள். என் கணவர் ராகவன் முழங்கால் ஆழத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை நான் திரும்பிப் பார்த்தபோது அவருடைய தலை மட்டும் வெகு தூரத்தில் தெரிந்தது. அலை உள்ளே இழுத்துப் போயிருந்தது. எல்லோரும் அவரவர் நின்ற இடத்தில் நின்றோம். ஜெபா மட்டும் போட்டிருந்த சுடிதாரோடு ஓடிப் பாய்ந்தாள். அவரை மல்லாக்கப் போட்டு, தாடையைத் தூக்கிப் பிடித்து, அலையோடு சண்டை போடாமல் பக்கவாட்டில் நீந்தி, கரையின் வேறொரு மூலையில் கொண்டுவந்து சேர்த்தாள்.

எங்கள் ஊரில் வட்டாரத்துக்கு ஒரு நீச்சல் குளம் உண்டு. நீலத் தரை, உயிர்காப்பாளர், வெந்நீர்க் குழாய் எல்லாம் உண்டு. நான் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஜெபாவிடம் எங்கே கற்றாய் என்று கேட்டபோது, "சுந்தரபாண்டியத்துக் கிணத்துல. எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தாக" என்றாள். டீச்சரிடம் நடந்ததைச் சொன்னாயா என்றேன். இல்லையென்று தலையசைத்தாள். "போன்ல சொன்னா அழுதுருவேன் அக்கா. நீங்க போய்ச் சொல்லுங்க." அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ராகவனுக்கு நெஞ்சுச் சளி இன்னும் முழுதாகத் தீராததால் மருத்துவர் விமானம் வேண்டாம் என்றுவிட்டார். நான் மட்டும் கிளம்பினேன்.

செல்வி கதை முடியும்வரை கண் சிமிட்டவில்லை. "ஜெபா எனக்கு ரெண்டு வருசம் கீழ படிச்சவ. பல்லு லேசா எத்தின மாதிரி இருக்கும், அவதான?"

"அவளேதான்."

"எங்க செட்டு தண்ணியத் தாண்டிப் போயிருச்சு பாருங்க" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இறங்கும்போது என் பெட்டியை அவள்தான் தூக்கினாள். யூனிட் வாசலில் என்னை நிறுத்திவிட்டு, "சூப்பர்வைசர்ட்ட ஒரு மணி நேரம் பெர்மிசன் சொல்லிட்டு வாரேன்" என்று உள்ளே ஓடினாள். திறந்த கதவின் வழியே தறிகளின் சத்தமும் வெள்ளை வெள்ளையாகத் துணி இறங்கிவருவதும் தெரிந்தன. காலையில் மலையை மூடியிருந்ததை இங்கேதான் நெய்கிறார்களோ என்று நினைத்தேன்.

டீச்சரின் வீடு தேவாலயத்துக்குப் பின்தெருவில் இருந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் இறக்கப்படாமல் வாசலில் தொங்கியது. எழுபதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு, வெள்ளைக் காட்டன் சேலை. செல்வியைப் பார்த்ததும், "ஏட்டி, ஷிப்டு நேரத்துல இங்க என்ன சோலி?" என்றார். என்னைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "வாங்கம்மா, உக்காருங்க."

செல்வி வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். பல மாதங்களாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. டீச்சர் மகிழ்வார், ஒருவேளை அழுவார், நான் கையைப் பிடித்துக்கொள்வேன் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"கரையில், டீச்சர்."

"கத்துனீங்களா?"

யோசித்தேன். யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "இல்லை. சத்தம் வரவில்லை."

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் காபியும் ஒரு தட்டில் அச்சுமுறுக்கும் இருந்தன. "பண்டிகைக்குச் சுட்டது. நமுத்துப் போயிருக்கும்" என்றார். நமுக்கவில்லை. அதன் பிறகு சிங்கப்பூரில் மழை எப்போது பெய்யும், அரிசி எங்கிருந்து வரும் என்று விசாரித்தார். நான் சொல்ல வந்த நன்றியை அவர் கடைசிவரை வாங்கிக்கொள்ளவேயில்லை.

இராஜபாளையத்திலேயே ஒரு விடுதியில் அறை எடுத்து, கீழே இருந்த கடையில் எண்ணெயில் பொரித்த புரோட்டாவைச் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் கிடைக்கும் புரோட்டா மெத்தை போல மடங்கும். இது அப்பளம் போல நொறுங்கி, சால்னாவில் விழுந்ததும் உயிர் வந்து மிருதுவானது. பரிமாறியவர், "இன்னும் ஒண்ணு வைக்கவா? எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக" என்றார். நான் எங்கிருந்து வருகிறேன் என்பது எனக்கு முன்னால் கடைக்கு வந்து சேர்ந்திருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தவறி இறங்கிய ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நின்ற ஒரு டவுன் பஸ்ஸின் நெற்றியில் 'திருவண்ணாமலை' என்று எழுதியிருந்தது. நான் அறிந்த திருவண்ணாமலை அங்கிருந்து பல மணி நேரப் பயணம். டவுன் பஸ் அவ்வளவு தூரம் போகுமா என்று நடத்துநரிடம் கேட்டேன். பேருந்தே சிரித்தது. "அது சிவன் மலைம்மா. இது எங்க பெருமாள் மலை. ஏறுங்க, பத்திரமாக் கொண்டாந்து விடுறேன்."

ஏறினேன். சின்ன மலை, படிகள், மேலே பெருமாள். ஈரக் கூந்தலோடு பெண்கள் துளசி மாலை ஏந்தி ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் நின்றபோது வயல்களும் தென்னந்தோப்புகளும் பனிக்குள் அரைகுறையாகத் தெரிந்தன. அங்கங்கே கிணறுகள் யாரோ பரப்பிவைத்த கண்ணாடிகள் போல மின்னின. அவற்றில் ஒன்றில்தான் என் கணவரின் உயிர் முன்கூட்டியே காப்பாற்றப்பட்டிருந்தது என்ற எண்ணம் வந்தது. ஜெபா பள்ளிச் சிறுமியாக அங்கே கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தபோது, நானும் ராகவனும் வேறொரு கடலுக்கு அப்பால் ஏதோ சினிமாவுக்கு வரிசையில் நின்றிருப்போம்.

கீழே வந்து, தேரடிப் பக்கம் ஒரு பால்கோவாக் கடைக்குள் நுழைந்தேன். பின்னால் அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மாளின் பெயர் முத்துலட்சுமி. இலைத் துண்டில் சூடாக ஒரு கரண்டி வைத்துக் கொடுத்துவிட்டு, "நீங்கதான் ஜெபா அனுப்பின அக்காவா? செல்வி ராத்திரி போன் போட்டா" என்றாள்.

"நீங்களும் டீச்சரிடம் நீச்சல் கற்றீர்களா?"

"கத்தேன். கல்யாணத்துக்குப் பொறவு ஒருநா கூடத் தண்ணியில எறங்கல" என்றாள். பிறகு பாலைக் கிண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "எங்க வீட்டுக்காரவிய திடீர்னு போய்ட்டாக. கட, பிள்ளைக, அவிய வச்சிட்டுப் போன வழக்கு, எல்லாம் எந் தலையில. மூச்சே முட்டிப் போச்சு. அப்ப டீச்சர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. முங்குறப்ப கையக் கால அடிக்கக் கூடாதுட்டி, மல்லாந்து கெட, தண்ணியே தூக்கும்பாக. வீட்டுத் தரையில மல்லாந்து படுத்தேன் அக்கா. எம்புட்டு நேரம்னு தெரியாது. எந்திரிச்சுக் குளிச்சுட்டு வந்து கடையத் தொறந்தேன்."

நான் கையில் இருந்த இனிப்பை மறந்து நின்றேன். "ஆறிரும், சாப்பிடுங்க" என்றாள்.

சனிக்கிழமை அந்தப் பகுதி முழுக்க மின்தடை. யூனிட்டுக்கு விடுமுறை. செல்வி டீச்சரோடு விடுதிக்கே வந்துவிட்டாள். "அக்காவுக்குக் கிணத்தக் காட்டலேன்னா ஜெபா என்னக் கொன்னுருவா" என்றாள். டீச்சர் மறுக்கவில்லை, ஆர்வமும் காட்டவில்லை. சுந்தரபாண்டியம் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்தார். யாரும் பதறவில்லை. ஓர் அம்மாள் வாழைப்பழச் சீப்பைப் பிரித்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். எங்கள் ஊரில் ரயில் சிறிது தாமதித்தாலே மன்னிப்பு கேட்டு அறிவிப்பு வரும். இங்கே மன்னிப்புக்குப் பதிலாக வாழைப்பழம் கிடைத்தது. மீதித் தூரத்தை வயல் வரப்பில் நடந்தே கடந்தோம்.

கிணறு சீதாம்மாவுடையது. டீச்சரின் வயதுதான் இருக்கும். பருத்த உடம்பு, மூக்கின் இரு பக்கமும் கல் மூக்குத்தி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். "ரா, ரா, எஸ்தரு!" என்று டீச்சரை அணைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் தமிழுக்கு மாறினார். "இந்தக் கெணத்துல எறங்காத பிள்ளையே அந்த இஸ்கூல்ல கெடையாது. வர்ற தாய்மாரு எல்லாம் மொதல்ல எங்கிட்டதான் சண்டைக்கு வருவாக, பொட்டப் பிள்ளைகள எதுக்குத் தண்ணியில எறக்குறீகன்னு."

அகன்ற கல்கட்டுக் கிணறு. சுவரையொட்டிப் படிகள் இறங்கின. மழை முடிந்த காலமாதலால் தண்ணீர் மேலேறி நின்றது. காலைக் குளிரில் அதிலிருந்து ஆவி எழுந்தது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. செல்வி ஒரு வார்த்தையும் சொல்லாமல், போட்டிருந்த சுடிதாரோடு குதித்தாள். தண்ணீர் அவளை விழுங்கி, எதிர்ப்பக்கம் சிரிப்போடு வெளியே விட்டது. நாற்பது வயதுக்காரி போன இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வந்திருந்தாள்.

டீச்சர் படிகளில் இறங்கி, நனையாத கடைசிப் படியில் நின்றார். அது அவருடைய இடம் என்று பார்த்தாலே தெரிந்தது. சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"உங்களுக்கு யார் டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க?"

சீதாம்மா என்னைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தார். தென்னை மட்டை ஒன்று எங்கோ விழுந்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கல" என்றார் டீச்சர். "எனக்கு நீச்சல் தெரியாது."

எனக்குப் புரியவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கொரு தங்கச்சி இருந்தா. டெய்சி. நான் அப்ப ஒம்பதாங் கிளாஸ். துணி தொவைக்கப் போன எடத்துல கால் வழுக்கிக் கிணத்துல விழுந்துட்டா. நான் படியில நின்னேன். எம் முன்னாலதான் கையத் தூக்குனா. எறங்கத் தெரியல. கத்தவாச்சும் செஞ்சிருக்கலாம். சத்தம் வரல."

முதல் நாள் என்னிடம் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அப்போது விளங்கியது.

"டீச்சர் வேலை கெடச்சதும், எங் கைக்கு வர்ற ஒரு பிள்ளையும் அப்படிப் படியில நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். நீந்துறவங்களப் போய்ப் பாத்தேன். தண்ணிக்குள்ள எறங்கிப் பிள்ளைகளப் பிடிச்சது எல்லாம் சீதாதான். நான் இங்க நின்னு சொன்னேன், கைய நீட்டு, மூச்ச விடுன்னு. பிள்ளைக எம் மொகத்தத்தான் பாக்கும். எங் கால யாரும் பாக்கல."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"பயந்தவ சொல்றான்னு தெரிஞ்சா பிள்ளை எறங்குமா?" என்றார். பிறகு குரல் இன்னும் தணிந்தது. "இப்பவும் பழைய பிள்ளைக வந்து பொன்னாட போர்த்துறாக, கால்ல விழுறாக. ஒவ்வொரு தடவையும் அடுத்த வீட்டுக்கு வந்த தபால நான் கையெழுத்துப் போட்டு வாங்குற மாதிரி இருக்கும். நீங்க சொன்ன நன்றியும் அப்படித்தான். சீதாட்ட சொல்லுங்க. எங்கிட்ட வேண்டாம்."

சீதாம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, இத்தன வருசமா இதே பேச்சு. பிள்ளைக்குக் கையப் பிடிச்சது நான். தைரியம் குடுத்தது யாரு? எனக்கு அந்த வார்த்தையெல்லாம் வருமா?"

டீச்சர் நின்ற படிக்கு இறங்கி அவர் அருகே நின்றேன். "நானும் கரையில்தான் நின்றேன் டீச்சர்" என்றேன்.

அப்போதுதான் கிணற்றின் நடுவே செல்வி அசையாமல் மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். கிணற்றுச் சுவர் எங்கள் பேச்சை எல்லாம் அவளிடம் கொண்டு சேர்த்திருந்தது. மேலே ஏறி வந்து, சேலை மறைப்பில் உடை மாற்றினாள். திரும்பும் பேருந்தில் கைப்பேசியில் குனிந்து எதையோ தட்டிக்கொண்டே வந்தாள். டீச்சர் கண்களை மூடியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செல்வி டீச்சரிடம் வந்து, நான் ஊருக்குப் போகும் முன் கிணற்றை இன்னொரு முறை பார்க்க ஆசைப்படுவதாகச் சொன்னாள். எனக்கே அது புதுச் செய்தி. மறுக்காமல் தலையாட்டினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் வெயில் தென்னைகளின் ஊடே சாய்ந்து விழுந்தது. வரப்போரம் ஸ்கூட்டர்கள், ஒரு கார். கிணற்றுக்குள் பெண்கள். பால்கோவாக் கடை முத்துலட்சுமி, ஒரு போலீஸ்காரப் பெண், ஒரு போதகரின் மனைவி, மில் குடும்பத்து மருமகள் ஒருத்தி, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பலர். சுடிதாரோடும் நைட்டியோடும் கழுத்தளவுத் தண்ணீரில், யாரும் பேசாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் தென்னங்கீற்றுகளும் அவர்கள் முகங்களும் கலந்து ஆடின. உறக்கத்தில் காணும் காட்சி போல இருந்தது.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. "யாருட்டி சொன்னா?"

"நான்தான் டீச்சர்" என்றாள் செல்வி. "கோவப்படுங்க. அடிக்கக்கூடச் செய்யுங்க."

டீச்சர் திரும்பி நடந்தார். பம்புசெட்டு அறையின் பின்னால் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் போனேன். "இத்தன வருசமும் ஏமாத்திருக்கான்னு நெனைப்பாக. எம் பிள்ளைக முன்னால எப்படி நிக்கிறது?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது?

முத்துலட்சுமி சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து டீச்சர் முன் தரையில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி மண் ஈரமானது.

"டீச்சர், உங்களுக்குத் தெரியும், அதான் சொல்லிக் குடுத்தீகன்னு நெனச்சிருந்தோம். தெரிஞ்சதச் சொல்லிக் குடுக்கிறது வேல. அதுக்குச் சம்பளம் உண்டு. நீங்க தெரியாம, பயந்துகிட்டே, வாரா வாரம் அந்தப் படியில வந்து நின்னீக. தங்கச்சி போன மாதிரி ஒரு கிணத்துல, எங்க அம்புட்டுப் பேரையும் ஒவ்வொருத்தியா எறக்கி விட்டுட்டு, நாங்க மேல வார வரைக்கும் நின்னீக." ஈரக் கையை டீச்சரின் முழங்காலில் வைத்தாள். "அது எப்படி டீச்சர் முடிஞ்சுச்சு?"

டீச்சர் அவள் ஈரத் தலைமேல் கையை வைத்தார். அழுதார். என் முன்னால் அவர் அழுதது அப்போதுதான். வெயில் இறங்கிக்கொண்டே போனது. கிணற்றிலிருந்து சின்னத் தளும்பல் மட்டும் கேட்டது. அவர்கள் யாரும் வெளியேறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு கைக்கடிகாரத்தை. பிறகு எழுந்தார்.

நனையாத கடைசிப் படிவரை வழக்கம்போல் இறங்கினார். அங்கே உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இருவரும் கால்களைத் தண்ணீரில் வைத்தோம். அவர் மூச்சை இழுத்துப் பிடித்ததை என் தோள் உணர்ந்தது.

"சூடா இருக்கு" என்றார், வியந்துபோய். மார்கழிக் கிணற்றுத் தண்ணீர் சூடாக இருக்கும் என்பது அவர் காலுக்குத் தெரியாது.

சீதாம்மா எப்போது இறங்கினாரோ, யானை போலத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையை அவர் நீட்டினார், மறு கையைச் செல்வி நீட்டினாள். யாரும் வற்புறுத்தவில்லை. கைகள் அப்படியே நீண்டிருந்தன. சீதாம்மாவுக்குக் கை வலித்திருக்கும். டீச்சர் ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. வெள்ளைச் சேலை அவரைச் சுற்றிப் பூப்போல விரிந்தது. கழுத்தளவு வந்ததும் கண்களை இறுக மூடி, "வேணாம், வேணாம்" என்றார். நின்றார்கள். காத்திருந்தார்கள்.

"எங்களயெல்லாம் எப்படிச் சாயச் சொன்னீகளோ அப்படிச் சாயுங்க டீச்சர்" என்றாள் செல்வி. "முதுகுக்குக் கீழ பதினஞ்சு கை இருக்கு."

டீச்சர் சாய்ந்தார். கால்கள் தாமாக மேலே வந்தன. கைகள் அவர் முதுகின் கீழே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக விலகின. கடைசியாகச் சீதாம்மாவின் கையும் விலகியதை நான் மேலிருந்து பார்த்தேன். டீச்சர் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து, வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொக்கு அந்த வட்டத்தைக் கடந்து போனது. அவர் உதடுகள் ஏதோ சொல்லின. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

கொஞ்ச நேரம்தான். பிறகு உடம்பு இறுகி மூழ்கப் பார்த்தார். எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் அவரைத் தூக்கின. தண்ணீரைத் துப்பிவிட்டு, இருமலுக்கு நடுவே சொன்னார்: "ஏட்டி செல்வி, பிடியத் தளத்துறதுக்கு முன்னால சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன்ல?"

கிணறு முழுக்கச் சிரித்தது.

அன்று மாலை விடுதியிலிருந்து ஜெபாவை அழைத்தேன். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். பிறகு ராகவன் பேசினார். ஜெபா வந்து போனைக் கையில் கொடுத்துவிட்டு அழுவதாகச் சொல்லி, என்ன ஆயிற்று என்று கேட்டார். நானும் அழுதுகொண்டிருந்ததால் அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ரயில். அதற்கு முன் விடைபெற்றுக்கொள்ளலாம் என்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். இந்த முறை நன்றியை வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தது. கதவு பூட்டியிருந்தது.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சரையா? விடிஞ்சதும் செல்வி வந்தா. அவளுக்கு இன்னைக்கு ரெண்டாவது ஷிப்டாம். ரெண்டு பேரும் மொத பஸ்ஸப் பிடிச்சுச் சுந்தரபாண்டியத்துக்குப் போய்ட்டாகளே."

"எப்போது வருவார்கள்?"

"தெரியலயேக்கா. சோத்துப் பொட்டலம் கட்டிட்டுப் போயிருக்காக" என்றாள். பிறகு, உலகத்தின் புதுமையைச் சொல்கிறவள் போலக் குரலைத் தாழ்த்தினாள். "சுடிதார் போட்டுட்டுப் போறாக அக்கா. டீச்சரு!"

செத்த நேரம் அந்தப் பூட்டிய கதவின் முன் நின்றேன். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு, சிரித்தபடியே நிலையத்துக்கு நடந்தேன்.